ஞானப்பூ என்னும் பெயர்

(ஜூபிலி ஆண்டை முன்னிட்டு நமது பங்கின் தாய்மார் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மலருக்காகப் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டும் வேலை சில வாரங்களாக நடைபெற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஏடுகளைப் பார்க்கப் பார்க்க நமக்கு ஒன்று புலனாயிற்று. முற்பகுதியில் சவேரியம்மாள், அந்தோணியம்மாள், அடைக்கலமேரி, ஆரோக்கியமேரி, சூசையம்மாள், ஜெபமாலை என்று பெயர்கள் அணிவகுத்து நிற்கின்றன. நமக்கு அண்டையிலே கருமத்தம்பட்டியில் ஜெபமாலை அன்னை எழுந்தருளியிருக்க, கொங்கு நாட்டுக் கத்தோலிக்கர் பெண்ணுக்கு ஜெபமாலை என்று பெயரிட்டதில் வியப்பில்லை. பிற்பகுதிக்கு வந்தால், ஜ, ஷ, ஸ என்ற எழுத்துகளில் ஒன்றாவது இல்லாத பெண்குழந்தை பிறப்பதே இல்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது! அந்தப் பெயர்களுக்குப் பொருள் என்னவென்று பெற்றோரைக் கேட்டால், "புத்தகத்துல இருந்துச்சுங்க சாமி, கேக்க நல்லா இருந்துச்சுங்க" என்கிறார்கள்.

புதுப் பெயர்களை நாம் பழிக்க வரவில்லை. ஒவ்வொரு பழைய பெயரும் ஒருநாள் புதுப் பெயராகத்தான் இருந்திருக்கும். இன்று ஒரே ஒரு பெயரைப் பற்றி மட்டும் உங்களோடு பேச விரும்புகிறோம். அண்மையில் ஓர் இளம் தம்பதி திருமுழுக்குக்கு நாள் குறிக்க வந்தனர். கணவர் இந்தப் பக்கத்துக்காரர். மனைவியின் குடும்பமோ திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பம். தன் பாட்டியின் பெயரைக் குழந்தைக்கு இடவேண்டும் என்பது மனைவியின் ஆசை. அந்தப் பெயர்தான் ஞானப்பூ.

கணவருக்கு மனம் ஒப்பவில்லை. "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்ணுவாங்க சாமி. இந்தக் காலத்துல யாருங்க இப்படிப் பேரு வெக்கறாங்க?" என்றார். "அர்த்தம் என்னன்னு நீங்களே சொல்லுங்க சாமி" என்றார் மனைவி. அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே சொல்கிறோம்.

ஞானப்பூ என்றால் அறிவு மலர் என்று அகராதியை வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் நம்முடைய முன்னோரின் வேத பாஷையில் 'ஞானம்' என்ற சொல் வெறும் அறிவைக் குறிப்பதன்று. ஞானஸ்நானம், ஞானோபதேசம், ஞானத்தந்தை, ஞானத்தாய் என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே ஞானம் என்பது ஆவிக்குரியது, அருள்வாழ்வைச் சேர்ந்தது என்ற பொருளில் வருகிறது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் தம் பெருநூலுக்கு ஞானோபதேசம் என்றே பெயரிட்டார். ஞானத்தந்தை என்றால் அறிவாளித் தந்தை என்று நாம் பொருள் கொள்வதில்லை. அருள்வாழ்வில் நமக்குத் தந்தையானவர் என்றே கொள்கிறோம். அவ்வண்ணமே ஞானப்பூ என்றால் அருள்வாழ்வில் பூத்த மலர். ஞானஸ்நானத் தண்ணீரில் மலர்ந்த பூ என்று சொன்னாலும் தவறாகாது என்பது நம் கருத்து.

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் நாம் நன்றாக அறிந்திருக்க வேண்டியவர் ஒரு பெண்மணி. 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் புனிதர் பட்டம் பெற்ற நம் தேவசகாயத்தை அறியாதவர் இங்கே எவரும் இல்லை. இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவர். அவருடைய மனைவியின் பெயர் என்ன என்று கேட்டால் எத்தனை பேர் கை உயர்த்துவீர்கள்? அவரே ஞானப்பூ அம்மாள்.

வரலாற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறோம். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்தவர். பொருளிழப்பும் மனத்துயரும் அவரை வாட்டிய நேரத்தில், 1741 குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைக்கே பயிற்சியளித்த டச்சுப் படையைச் சேர்ந்தவரான டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். அதுவே திருப்பமாயிற்று. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. லாசர் என்பது எலயாசர் என்ற எபிரேயப் பெயரின் குறுக்கம். 'கடவுள் உதவி செய்தார்' என்பது அதன் பொருள். எவ்வளவு நேர்த்தியான மொழிபெயர்ப்பு பாருங்கள்!

அவர் மனைவி பார்கவி அம்மாள். பார்கவி என்பது இலக்குமியின் பெயர்களுள் ஒன்று. செல்வத்தையும் மங்கலத்தையும் நினைத்து இட்ட பெயர். கணவர் புது வழியில் செல்வதைக் கண்டு அந்த அம்மாள் முதலில் தயங்கினார் என்று சொல்லப்படுகிறது. தயங்காமல் என்ன செய்வார்? உற்றார் உறவினர், ஊரார், அரசர் எல்லாரையும் பகைத்துக்கொள்ளும் காரியம் அது. கணவர் எடுத்துச் சொல்ல, பின்னர் தாமும் இசைந்து வடக்கன்குளத்திற்கே வந்து ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் எல்லைக்குள் பெற்றால் ஆபத்து என்பதால்தான் எல்லை தாண்டி வரவேண்டியிருந்தது. அங்கே அவருக்கு இடப்பட்ட பெயர் தெரேசா, தமிழில் ஞானப்பூ.

இங்கே சற்று நிற்போம். லாசருக்குத் தேவசகாயம் நேர்ப் பொருள் என்றோம். தெரேசாவுக்கு ஞானப்பூ நேர்ப் பொருளா என்றால், அன்று. தெரேசா என்ற பெயருக்கு மூலம் எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அறுவடையை, கோடைகாலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார் உண்டு; கிரேக்க நாட்டுத் தெராசியா என்னும் தீவின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டிலும் பூவும் இல்லை, ஞானமும் இல்லை. ஆகவே ஞானப்பூ என்பது தெரேசாவின் மொழிபெயர்ப்பு என்பதைவிட, இந்த மண்ணின் பெண்ணுக்கென்றே வாய்த்த தமிழ்ப் பெயர் என்று கொள்வதே பொருத்தம். நம் முன்னோர் இந்தக் கலையில் வல்லவர்கள். ஸ்தேவானுக்கு முடியப்பர் என்றார்கள். கிரேக்கத்தில் ஸ்தேவான் என்றால் முடி. பவுலுக்குச் சின்னப்பர் என்றார்கள்; இலத்தீனில் பவுல் என்றால் சிறியவர். லூசியாவைப் பிரகாசியம்மாள் ஆக்கினார்கள். பொருள் கிடைத்த இடத்தில் பொருளை எடுத்தார்கள். கிடைக்காத இடத்தில் புதிதாய்ப் படைத்தார்கள்.

தெரேசா என்ற பெயரைத் தாங்கியவர்களுள் வரலாற்றில் முதலில் அறியப்படுபவர் யார் தெரியுமா? அவிலா தெரேசம்மாள் அல்லர். அவருக்கு ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தெராசியா என்ற ஸ்பெயின் நாட்டுச் சீமாட்டி. நோலா நகரத்து ஆயரான புனித பவுலினுஸ் என்பவரின் மனைவி அவர். கணவர் பெருஞ்செல்வர், உயர்பதவி வகித்தவர். நெடுநாள் ஏங்கிப் பெற்ற ஒரே மகன் எட்டே நாளில் இறந்துவிட்டான். அதன் பின் இருவரும் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, 395-ஆம் ஆண்டளவில் இத்தாலியிலுள்ள நோலாவுக்குச் சென்று தவ வாழ்வு வாழ்ந்தனர். கணவரின் விசுவாசப் பயணத்தில் சொத்து சுகத்தை உதறிவிட்டு உடன் நடந்த மனைவி அந்த முதல் தெராசியா. வடக்கன்குளத்தில் பார்கவி அம்மாளுக்குப் பெயரிட்டவர்கள் இந்தக் கதையை நினைத்தா இட்டார்கள் என்று கேட்காதீர்கள். அவிலா தெரேசம்மாளை நினைத்தே இட்டிருப்பார்கள். ஆனாலும் பெயர் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது.

1749-ல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமையின் மேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள், அடித்தார்கள், காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். இந்த மூன்று ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் ஞானப்பூ அம்மாளின் நிலை என்னவாக இருந்திருக்கும்? வரலாறு அவரைப் பற்றிச் சில வரிகளே பேசுகிறது. கணவர் இறந்தபின் அவர் வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பழைய பெயருக்கும் திரும்பவில்லை.

தாய்மார்களே, உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் கணவன் இறந்தால் பெண்ணின் தலையிலிருந்து முதலில் எடுப்பது பூவைத்தான். பூவும் பொட்டும் போய்விட்டது என்றே பேச்சு. இந்த அம்மாளுடைய பூவை யாரால் எடுக்க முடிந்தது? அது தலையில் இல்லை, பெயரில் இருந்தது. கைம்பெண்ணான பிறகும் ஊரார் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் பூ என்றே கூப்பிட்டாக வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான பெயர்களும் நம் தமிழ்நாட்டில் உண்டு. அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறந்தால் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிடும் வழக்கம் சில பகுதிகளில் இருந்து வந்திருக்கிறது. அப்படிப் பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்கும்போது என்ன நினைக்கும்? பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. சேலம் நமக்குத் தொலைதூரம் அன்று. ஆகவே, "பேருல என்னங்க சாமி இருக்குது?" என்று யாராவது கேட்டால் நாம் சிரித்துவிட்டுப் போவதில்லை.

சரி, தெரேசா என்ற பெயர் உலகமெங்கும் பரவியதே, ஞானப்பூ ஏன் பரவவில்லை? தெரேசாவுக்குக் கைகொடுத்தவர்கள் பலர். நெடுங்காலம் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளுக்குள்ளேயே பெரும்பாலும் வழங்கிவந்த பெயர் அது. அவிலா தெரேசம்மாள் 1622-ல் புனிதர் பட்டம் பெற்றதும் நாடெங்கும் கடந்தது. பின்னர் 1925-ல் குழந்தை தெரேசம்மாள் புனிதரானார். அவர் பெயரை எடுத்துக்கொண்ட ஆக்னஸ் என்ற அல்பேனியப் பெண் கல்கத்தாவின் அன்னை தெரேசாவாகி, 2016-ல் பீடமேற்றப்பட்டார். ஞானப்பூவுக்கு இப்படிப் பீடமேறியவர் எவரும் இல்லை. அது நெல்லை, குமரிப் பக்கத்துக் குடும்பங்களில் பாட்டி பேத்தி என்று ஒற்றையடிப் பாதையாக வந்தது. வீரமாமுனிவர் அம்மானை பாடிய கித்தேரியம்மாளின் பெயருக்கும் இதே நிலைதான். அம்மானை இருக்கிறது, கித்தேரி என்று பெயர் வைப்பவர் அருகிவிட்டனர்.

இன்னொரு காரணமும் உண்டு. இது நம் வீட்டுக்குள் இருக்கும் காரணம். பேத்திக்கு ஆத்தாவின் பெயரை வைப்போம். ஆனால் மருமகள் மாமியாரின் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்ட முடியுமா? மரியாதைக் குறைவாயிற்றே! ஆகவே குழந்தையை 'அம்மிணி' என்றும் 'கண்ணு' என்றும் கூப்பிடுவோம். கொங்கு நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்பிள்ளை அம்மிணிதானே! கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் ரேஷன் கார்டிலேயே படுத்து உறங்கிவிடுகிறது. உறங்கிய பெயரை அடுத்த தலைமுறை எழுப்புவதில்லை.

கேலி செய்வார்கள் என்ற தந்தையின் அச்சத்திற்கும் பதில் சொன்னோம். "தம்பி, உங்க ஊர்ல பூவாத்தாள்னு எத்தனை பெரியம்மா இருக்காங்க, எண்ணிச் சொல்லுங்க" என்றோம். அவர் சிரித்துவிட்டார். பூவாத்தாள் இல்லாத கொங்கு ஊர் உண்டா? இங்கே நம் அவிநாசியில் பெரிய கோயிலின் அம்மன் பெயரான கருணாம்பிகையை நம் இந்து சகோதரர்கள் தங்கள் பெண்களுக்குப் பெருமையோடு இடுகிறார்கள். அது பழைய பெயர் என்று அவர்கள் கூச்சப்படவில்லை. அவ்வளவு ஏன், அவிநாசி என்ற ஊர்ப்பெயருக்கே அழிவில்லாதது என்றுதானே பொருள். பழைய பெயருக்கு வெட்கப்பட இந்த ஊர்க்காரர்களுக்கு நியாயமே இல்லை.

பெயரோடு ஒட்டிவரும் சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தேவசகாயத்தின் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' என்ற பட்டம் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியதற்காகவும் துன்புறுத்தப்பட்டவருக்குச் சாதிப் பட்டமா என்று பலர் எழுப்பிய வேண்டுகோளை ஏற்று, 2020-ல் உரோமை அதை நீக்கியது. ஞானப்பூ அம்மாள் வாழ்ந்த அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கோயிலுக்குள்ளேயே இரு சாதியாரையும் பிரித்துச் சுவர் நின்றது. 1910-ல் அது இடிக்கப்பட்டது; வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. நம் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களைப் பற்றியும் கலியாணப் பேச்சுகளைப் பற்றியும் நாம் அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஞானஸ்நானப் பெயருக்குள் சாதி இல்லை. ஞானப்பூ என்று பதிவேட்டில் எழுதினால், எந்தத் தெருவில் பிறந்த பிள்ளை என்று அந்தப் பெயரைப் பார்த்து எவரும் கண்டுபிடிக்க முடியாது. இது ஒன்றுக்காகவே இத்தகைய பெயர்களை நாம் ஆதரிப்போம்.

இனி, திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கிறீர்கள். 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பின்படி, கிறிஸ்தவப் பெயர் இடப்படுமாறு பங்குக்குரு பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் இணங்காவிட்டால் அவரே ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் ஏட்டில் எழுத வேண்டும். 1983-ஆம் ஆண்டின் சட்டம் அவ்வளவு கண்டிப்பானதன்று. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக்குருவும் கவனம் செலுத்த வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆக, தமிழ்ப் பெயருக்குத் தடையே இல்லை. பொருள் தெரியாத பெயருக்கும் தடையில்லைதான். நாம் முகம் சுளிப்போம், அவ்வளவே!

ஆனால் ஒரு காரியத்தில் கண்டிப்பாக இருங்கள். கோயிலில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று வைத்துக்கொண்டு, திருமணத்திற்கு ஓலை எழுத வரும்போது அலைகிறீர்கள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லிருந்து இருக்கிறது. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெயர் முடிவாகவில்லையென்றால் அவசரப்பட வேண்டாம். 12 மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பின்னும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். திருமுழுக்கு நாளன்று பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுவாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

அந்தத் தம்பதி என்ன செய்தார்கள் என்று அறிய ஆவலாயிருப்பீர்கள். ஞானப்பூ என்றே வைத்துவிட்டார்கள். வீட்டில் அம்மிணிதான், அதில் மாற்றமில்லை. பாட்டிக்கோ ஒரே கவலை, "நாமவிழா எந்த நாளில சாமி கொண்டாடறது?" என்று. நியாயமான கேள்வி. ஞானப்பூ அம்மாளுக்குத் திருச்சபை நாட்காட்டியில் தனித் திருநாள் இல்லை. தேவசகாயத்தின் நாள் ஜனவரி 14, அது பொங்கலோடு போய்விடும். குழந்தை தெரேசம்மாளின் திருநாளான அக்டோபர் 1 என்று சிலர் யோசனை கூறினர். ஆனால் குழந்தை தெரேசம்மாள் பிறந்ததே 1873-ல். வடக்கன்குளத்தில் அந்த அம்மாளுக்குப் பெயரிட்டபோது தெரேசா என்றால் அவிலாவின் பெரிய தெரேசம்மாள்தான். எனவே அக்டோபர் 15 என்று முடிவு செய்து கொடுத்தோம். அன்று காலைத் திருப்பலிக்குக் குழந்தையைத் தூக்கிவருவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார். உங்கள் பெண்மக்களுக்கும் நாமவிழா என்றைக்கு என்று தெரியாதவர்கள், கூட்டம் முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் நம்மை வந்து பாருங்கள்; பெயரைச் சொன்னால் நாளைப் பார்த்துச் சொல்கிறோம்.